ஆறாவது அறைக்கு வந்த நோட்டீஸ்

சீல் அக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. கோர்ட்டு வட்டாரத்தில் வக்கீல்கள், குமாஸ்தாக்கள், தபால்காரர், எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர் எல்லோருக்கும் அவர் சீல் அக்காதான். இருபத்தொன்பது வருஷமாக ஒரே வக்கீல் ஆபீஸில், வருகிற ஒவ்வொரு காகிதத்தின் தலையிலும் 'பெறப்பட்டது' என்று தேதியும் நேரமும் போட்டு முத்திரை அடிப்பவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள். அக்கா அடிக்கிற முத்திரை வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். வலது கை அடித்துக்கொண்டிருக்கும்போதே இடது கை அடுத்த காகிதத்துக்குப் போய்விடும். அதனால் வந்த சாய்வு. அந்தச் சாய்வைப் பார்த்தால் எதிர்த்தரப்பு வக்கீல்கள்கூட மறுபேச்சு பேசுவதில்லை. அக்கா நான்கு மணி பத்து நிமிஷம் என்று அடித்திருந்தால், கோர்ட்டுக் கடிகாரம் வேறு மாதிரிச் சொன்னாலும், நேரம் நான்கு பத்துதான்.

கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில் நான்கு மாடிக் கட்டடம். அதில் இரண்டாவது மாடி முழுவதும், ஆறு அறைகள், பெரியவருடையது. பெரியவர் என்றால் மூத்த வக்கீல், அக்காவின் முதலாளி. அந்த ஆறு அறைகளில் பதினொரு ஜூனியர்கள் இருந்தார்கள். கட்சிக்காரர்கள் உட்கார இடமில்லாமல் மாடிப்படியில் ஆளுக்கொரு படியாக உட்கார்ந்திருப்பார்கள். எந்தப் படியில் இருப்பவர் எந்த வழக்கு என்று அக்காவுக்கு மனப்பாடம். "ஏழாம்படிக்காரர் உள்ள வாங்க" என்று அவர் கூப்பிட்டால் சரியான ஆள்தான் எழுந்து வருவார்.

பிறகு ஊர் உலகமெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்த நோய்க்காலம் வந்தது. கோர்ட்டு கம்ப்யூட்டருக்குள் போனது. நோய் போன பிறகும் கோர்ட்டு பாதிதான் வெளியே வந்தது. மேலே கறுப்புக் கோட்டும் கீழே ராத்திரி உடுப்புமாக உட்கார்ந்து வாதாடலாம் என்பதை வக்கீல்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தச் சுகத்தைக் கண்டவர்கள் திரும்ப முழுக்கால் சட்டை போடுவார்களா. ஜூனியர்கள் ஒவ்வொருவராக வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். ஒரு ஜூனியர் தன் நாற்காலியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பெரியவர் வருஷத்துக்கு ஓர் அறையாகக் கட்டடக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார். ஒவ்வோர் அறை போகும்போதும் அதிலிருந்த அலமாரிகள் அடுத்த அறைக்குள் வந்தன. கடைசியில் ஆறாவது அறையில் ஆறு அறை அலமாரிகளும், ஒரு பெரிய மேசையும், இரண்டு நாற்காலிகளும், சீல் அக்காவும் மிஞ்சினார்கள்.

மற்ற மாடிகளிலும் இதே கதைதான். வாய்தா நாளில் வாசலில் கால் வைக்க முடியாத கட்டடம் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. லிப்ட்டைக்கூட ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் ஓட்டினார்கள்.

அக்காவும் எல்லோரையும் போல வீட்டுக்குப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். பெரியவரே பலமுறை கேட்டார். அக்காவின் வீட்டைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

வீடு இரண்டே அறை. உள் அறையில் மகள். ஏதோ ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நாளெல்லாம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்கும் வேலை. கூடத்தில் மருமகன், அவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. சாப்பாட்டு மேசையில் நான்கு நாற்காலிகள். ஒன்றில் மருமகன் உட்கார்ந்திருப்பார். ஒன்றில் அவருடைய பை. ஒன்றில் இரண்டாவது திரையை நிறுத்திவைத்திருந்தார். நான்காவதில் இன்டர்நெட் பெட்டி இருந்தது. வேறு எங்கே வைத்தாலும் அதற்குச் சரிப்படவில்லையாம். மிக்ஸி போட வேண்டுமென்றால் முதல்நாளே சொல்லிவைக்க வேண்டும். தும்மல் வந்தால் குளியலறைக்கு ஓட வேண்டும்.

ஒரு நாள் அக்கா முட்டிவலி தாங்காமல், மருமகனின் பையைக் கீழே வைத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அது கூட்டம் நடக்கும் நேரம். திரையில் அக்கா தெரிந்தார். யாரது என்று அங்கிருந்து ஒருவர் கேட்டார். மருமகன் நல்ல பிள்ளைதான், குறை சொல்ல முடியாது. சிரித்து மழுப்பிவிட்டு, அன்று முதல் பின்னணியை மங்கலாக்கிக் காட்டும் வசதியைப் போட்டுக்கொண்டார். அதன் பிறகு அந்த வீட்டில் அக்கா மங்கலாகத்தான் நடமாடினார். அக்காவின் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிப் பூங்காவுக்குப் போய், சாயங்காலம் ஆறு மணிக்குக் களைத்துப்போய்த் திரும்புவார். அங்கே ஒரு பெஞ்சைப் பிடித்துவைத்திருந்தார்.

ஆறாவது அறையில் அக்காவுக்கு ஒரு நாற்காலி இருந்தது. கைப்பிடியில் ரெக்ஸின் கிழிந்தது, இருபத்தொன்பது வருஷ நாற்காலி. அதில் உட்கார்ந்து அவர் உரக்கத் தும்முவார். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதற்காகவே அந்த அறை அவருக்கு வேண்டியிருந்தது. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

வெறும் நாற்காலிக்காக வாடகை கொடுக்க எந்த முதலாளியும் சம்மதிக்க மாட்டார் என்பது அக்காவுக்குத் தெரியும். ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தார். ஆபீஸை விட்ட வக்கீல்களுக்கு ஆபீஸ் வேண்டாமே தவிர முகவரி வேண்டும். முகவரி இல்லாவிட்டால் கோர்ட்டு நோட்டீஸை எங்கே அனுப்பும். 'இங்கே மேசை மணிக்கணக்கில் கிடைக்கும். வாசலில் பலகை மாட்டலாம். தபாலை அக்கா வாங்கிவைப்பார், அனுப்பவும் செய்வார்' என்று காதும் காதும் வைத்தாற்போல நான்கு பேரிடம் சொன்னார். பெரியவரிடமும் கட்டடக்காரரின் கணக்குப்பிள்ளையிடமும் எழுத்தில் அனுமதி வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். இரண்டே வருஷத்தில் ஆறாவது அறைக் கதவில் இருபத்து மூன்று பெயர்ப்பலகைகள் சேர்ந்தன. பலகைக்காரர்கள் கொடுத்த பணத்திலேயே அறை வாடகை கழிந்தது. கதவில் இடம் போதாமல் மூன்று பலகைகள் நிலைச்சட்டத்தில் குறுக்காகத் தொங்கின. அத்தனை வக்கீல்கள் இருக்கும் அறைக்குள் எட்டிப் பார்த்தால் அக்கா தனியாக உட்கார்ந்திருப்பார்.

அந்த மேசைக்கு ஒரு விதி இருந்தது. ஒரே வழக்கின் இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில் அறைக்குள் இருக்கக் கூடாது. நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஆரம்பத்தில் இந்த விதி இல்லை. சொத்துத் தகராறில் இருந்த அண்ணன் மறந்து வைத்துவிட்டுப் போன குடையை, அடுத்த மணிக்கு வந்த தம்பி தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு போனார். அந்தக் குடை இன்னும் கோர்ட்டில் சான்றுப் பொருளாக இருக்கிறது. அதிலிருந்து அக்கா பதிவேட்டில் தேதி, நேரம், வக்கீல், வழக்கு, தரப்பு என்று ஐந்து கட்டம் போட்டு எழுத ஆரம்பித்தார். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதில்லை என்பது அவருடைய இன்னொரு பிடிவாதம். அனுப்பச் சொல்லிக் கொடுக்கிற உறைகளில் எண்ணிக்கையைப் பார்ப்பார். யாருக்குப் போகிறது என்று பார்க்க மாட்டார். உறையின் ஓரத்தில் அனுப்புநர் முத்திரையை அடித்து, கட்டித் தபாலில் சேர்த்துவிடுவார்.

புதன்கிழமை பதினொரு மணி அவசர வக்கீலுடையது. வேறொரு தெருவிலிருந்த ஆபீஸை விட்டுவிட்டு இங்கே பலகை மாட்டியவர். வாழ்க்கையில் எதையும் முழுதாகப் படித்ததில்லை. தான் எழுதியதையும் சேர்த்துத்தான். படித்துப் பார்க்க எதிர்த்தரப்பு இருக்கிறதே என்பது அவர் வாதம். அந்தப் புதன்கிழமை ஒன்பது உறைகளை மேசையில் போட்டார்.

"அக்கா, எல்லாம் பதிவுத் தபால். ஒப்புகை அட்டை வச்சிருக்கேன். இன்னைக்கே போயிடணும்."

"போயிடும் சார்."

ஒன்பது முத்திரை. ஒன்பதும் வலது பக்கம் சாய்ந்தன. மதியமே அக்கா போய்ச் சேர்த்துவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை தபால்காரர் மாடியேறி வந்தார். அது லிப்ட் ஓடாத நாள்.

"அக்கா, பெரியவருக்கு ஒரு பதிவுத் தபால்."

அக்கா கையை நீட்டி வாங்கினார். உறையின் ஓரத்தில் அனுப்புநர் முத்திரை வலது பக்கம் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வு யாருடையது என்று யோசிக்கத் தேவை இருக்கவில்லை. மேலே இருந்த பெறுநர் முகவரியைப் பார்த்தார். கீழே இருந்த அனுப்புநர் முகவரியைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் பெயரில் மட்டும்தான் இருந்தது.

"நான் அனுப்பினது எனக்கே வந்திருக்கு," என்றார்.

"சரியாத்தானே வந்திருக்கு?" என்றார் தபால்காரர். தன் வேலையில் குறை சொல்கிறாரோ என்று அவருக்குக் கவலை. "கையெழுத்து போடுங்க. அப்புறம் இந்த ஒப்புகை அட்டை அனுப்புனவருக்குத் திரும்பப் போகணும். அதுவும் இந்த ரூம்தான். இப்பவே குடுத்துட்டுப் போயிடவா?"

"முறை என்ன?"

"ஆபீஸுக்குக் கொண்டுபோய் முத்திர குத்தி, நாளைக்குக் கொண்டுவரணும்."

"அப்ப நாளைக்கே கொண்டுவாங்க."

தபால்காரர் தன் முட்டிகளை ஒருமுறை பார்த்துக்கொண்டு இறங்கிப் போனார். அக்கா உறையின் தலையில் 'பெறப்பட்டது' முத்திரையை அடித்தார். பதினொன்று நாற்பது. பிறகு, பெரியவருக்கு வருகிற கடிதங்களைப் பிரிப்பது அவர் வேலை என்பதால், பிரித்துப் படித்தார்.

கட்டடக்காரருக்காக அவசர வக்கீல் அனுப்பியிருந்த நோட்டீஸ் அது. இரண்டாவது மாடி முழுவதையும் ஒரு பல் மருத்துவமனைக்கு விடப் போகிறார்கள். பல் பிடுங்குவதை மட்டும் யாரும் வீட்டிலிருந்து செய்ய முடியாது என்பதால் அந்தத் தொழிலுக்கு இன்னும் இடம் தேவைப்படுகிறது. ஆகவே பழைய பத்திரத்தில் கண்ட ஆறு அறைகளையும் முப்பது நாளில் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். தவறினால் வழக்கு. ஆறு அறைகள் என்று பத்திரத்தில் இருந்ததை அவசர வக்கீல் அப்படியே எழுதிவிட்டார். தான் உட்கார்ந்து எழுதுவது ஆறாவது அறையில் என்பதை எண்ணிப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

அக்கா நோட்டீஸை மடித்து வைத்தார். பெரியவருக்குப் போன் போட்டார்.

"அப்படியா," என்றார் பெரியவர். "நானே சொல்லணும்னு இருந்தேன்மா. காலி பண்ணிடலாம். எனக்கு இப்ப ஆபீஸ்னா லேப்டாப்புதான்."

"சீலு சார்?"

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க. வீட்லேர்ந்தே வேலை பாருங்க. இப்ப உலகமே அப்படித்தானே பாக்குது."

"அந்த உலகம் எங்க வீட்லதான் சார் உக்காந்திருக்கு."

பெரியவருக்குப் புரியவில்லை. நல்ல மனிதர்; கூட ரெண்டு அலமாரியும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அக்கா போனை வைத்தார். அழுகை வந்தது. ஆபீஸில் அழுது அவருக்குப் பழக்கமில்லை. வீட்டில் அழ இடமில்லை. மாடிப்படியில், முன்பு ஏழாம்படிக்காரர் உட்காரும் படியில் உட்கார்ந்து, ஐந்து நிமிஷம் அழுதார். மூக்கைச் சிந்திக்கொண்டு ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். எதிரே மரத்தடியில் வழக்கம்போல அந்தச் சாம்பல் நிறக் கார் நின்றுகொண்டிருந்தது. ஆறு மாதமாகத் தினமும் நிற்கிறது. உள்ளே ஒரு மனிதர் பேப்பர் படித்துக்கொண்டு, அதையே மூஞ்சியில் போட்டுக்கொண்டு தூங்குவார். யாரோ ஒரு கட்சிக்காரர் வேவு பார்க்க வைத்த ஆள் என்று அக்கா வெகுநாளாகச் சந்தேகப்பட்டிருந்தார். அன்று அந்த ஆளைப் பார்க்கக்கூடப் பொறாமையாக இருந்தது. காருக்குள் உட்கார ஒரு இடமாவது இருக்கிறதே.

அழுதது போதும் என்று எழுந்தார். நோட்டீஸ் வந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டுமென்று இருபத்தொன்பது வருஷம் குமாஸ்தா வேலை பார்த்தவருக்குத் தெரியாதா. இருபத்து மூன்று கடிதங்கள் டைப் அடித்தார். 'மேற்படி முகவரி இன்ன தேதியோடு நின்றுபோகிறது. தங்கள் வழக்குகள் ஒவ்வொன்றிலும் முகவரி மாற்ற மனு போட வேண்டியிருக்கும். தபாலை எங்கே அனுப்புவது என்று தெரிவிக்கவும்.' இதில் மிரட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. முறைப்படி இதை அவரவர் முகவரிக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அவரவர் முகவரி இந்த அறைதான். இது நோட்டீஸ் இல்லையே, வெறும் தகவல்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, தபால்காரரின் முட்டிகளுக்காக அக்கா விதியைத் தளர்த்தினார். கடிதங்களை அலமாரியில் அவரவர் பெயர் எழுதிய தபால் தட்டில் போட்டுவிட்டு, போனில் சேதி அனுப்பினார்.

இரண்டு நாளில் பதில்கள் வந்தன. ஒருவருடைய குடியிருப்புச் சங்கம் வாசலில் தொழில் பலகை மாட்டக் கூடாது என்று தீர்மானம் போட்டிருந்தது. அந்தத் தீர்மானத்தை எழுதிக்கொடுத்ததே அவர்தான். இன்னொருவர் விவாகரத்து வழக்குகள் பார்ப்பவர். தோற்ற கணவன்மார்கள் வீடு தேடி வருவார்கள் என்று அவர் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். மூன்றாமவர் மாமனார் வீட்டோடு இருந்தார். அது கோர்ட்டு ஆவணத்தில் ஏற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மிச்சப் பேர் 'பார்த்துச் சொல்றேன் அக்கா' என்றார்கள். பார்த்துச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்பது வக்கீல் ஆபீஸில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

அவசர வக்கீலிடமிருந்து பதில் இல்லை. போனில் வருகிற சேதியைப் படிக்கிற பழக்கம் அவருக்கு ஏது. புதன்கிழமை பதினொரு மணிக்கு வந்தார். தன் தபால் தட்டிலிருந்த கடிதத்தை எடுத்தார். நான்கே வரி என்பதால் படித்துவிட்டார்.

"என்னக்கா இது? யாரு காலி பண்ணச் சொன்னது?"

"நீங்கதான் சார்."

"நானா?"

அக்கா நோட்டீஸை எடுத்து அவர் முன்னால் வைத்தார். பக்கத்தில் அவர் பெயருக்குத் திரும்பி வந்திருந்த ஒப்புகை அட்டையையும் வைத்தார். அவசர வக்கீல் தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு நோட்டீஸை முதலிலிருந்து கடைசிவரை படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கேன்," என்றார். பிறகு தலையைச் சொறிந்தார். "இத அனுப்பினது யாரு?"

"நான்தான் சார்."

"வாங்கினது?"

"நான்தான்."

"பாத்துச் சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

"உங்க உறைய நான் பாக்க மாட்டேன்னுதானே சார் இங்க பலகை மாட்டினீங்க."

அவசர வக்கீல் அக்காவின் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். எழுபது வழக்குகள் அவர் கையில் இருந்தன. எழுபதிலும் முகவரி மாற்ற மனு போட வேண்டுமென்றால் எழுபது கட்டுகளையும் திறந்து பார்க்க வேண்டும். அந்த நினைப்பே அவரை உலுக்கிவிட்டது. உடனே கட்டடக்காரருக்குப் போன் போட்டு வரச் சொன்னார். எந்தக் கட்டடக்காரரும் கூப்பிட்ட நிமிஷத்தில் வந்து நிற்க மாட்டார். இவர் நான்கே நிமிஷத்தில் மூச்சிரைக்க வாசலில் நின்றார். அறுபது வயதிருக்கும். கையில் மடித்த பேப்பர் இருந்தது. அந்தப் பேப்பரைப் பார்த்ததும் அக்காவுக்கு ஆள் புரிந்துவிட்டது. சாம்பல் நிறக் கார்க்காரர்.

அக்கா அவரை நேரில் பார்த்ததில்லை. எல்லாம் கணக்குப்பிள்ளை வழியாகத்தான். கட்டடக்காரர் கதவிலிருந்த பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பதினேழாவது பலகையில் தன் வக்கீலின் பெயர் இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தார். வக்கீலும் இருந்தார்.

"நீங்க எங்க இங்க?"

"இதான் என் ஆபீஸு."

"என் கட்டடத்திலயா? நான் யாரக் காலி பண்ணச் சொல்லி உங்ககிட்ட சொன்னேன்?"

"என்னத்தான்," என்றார் அவசர வக்கீல். தொழில் நேர்மை உள்ளவர்.

கட்டடக்காரர் உள்ளே வந்து அலமாரிகளைப் பார்த்தார், பெரிய மேசையைப் பார்த்தார், அக்காவை ஏற இறங்கப் பார்த்தார்.

"இத்தன பலகை தொங்குது. ஒரு நாளைக்கு எத்தன பேரும்மா வர்றாங்க?"

"ஒருத்தர். சில நாள் ரெண்டு பேர்."

"சில நாள்?"

"சில நாள் யாரும் வர மாட்டாங்க சார்."

"அப்ப இந்த ரூமு யாருக்காகத்தான் இருக்கு?"

முகவரிக்காக என்று சொல்லலாம். கோர்ட்டு விதிக்காக என்று சொல்லலாம். அவசர வக்கீல் அப்படி ஏதாவது சொல்லச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். அக்கா இருபத்தொன்பது வருஷமாக உள்ளது உள்ளபடி தேதி போட்டவர்.

"எனக்காக சார். வீட்ல எனக்கு உக்கார இடமில்ல. பொண்ணு ஒரு ரூம்ல வேலை பாக்குறா, மருமகன் கூடத்துல பாக்குறாரு. நாலு நாற்காலி இருக்கு, ஒண்ணுகூட எனக்கில்ல. இந்த ரூம் போயிட்டா நான் நின்னுட்டே இருக்கணும்."

சொல்லிவிட்டு, கேட்கக் கூடாததை யாரோ கேட்ட மாதிரி, முத்திரை மைப்பெட்டியைத் திறந்து மூடினார். கட்டடக்காரர் ஜன்னல் பக்கம் போய்க் கீழே தன் காரைப் பார்த்தார்.

"எங்க வீட்ல அஞ்சு ரூமு," என்றார். "பையன் ஒண்ணுல, மருமக ஒண்ணுல. பேத்திக்கு ஏதோ வகுப்பு, அவ ஒண்ணுல. என் பொண்டாட்டி மிச்ச ரெண்டுலயும் யாரும் சத்தம் போடாம காவல் காக்குறா. நான் பேப்பர் திருப்பினா சத்தம் கேக்குதாம்."

அவசர வக்கீல் குனிந்து தன் பையில் எதையோ தேடினார். அதில் ஒன்றும் இல்லை.

கட்டடக்காரர் திரும்பினார். "பல் ஆஸ்பத்திரிக்கு அஞ்சு ரூம் போதும். ஒரு ஆளுக்கு எத்தன பல்லுதான் இருக்கப்போவுது. இந்த ரூமு இப்படியே இருக்கட்டும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இந்த மேசை மணிக்கணக்குல கிடைக்கும்னு கணக்குப்பிள்ளை சொன்னாரே. பத்துலேர்ந்து பதினொண்ணு காலியா இருக்கா?" என்று கேட்டார்.

அக்கா பதிவேட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார். தேதி எழுதினார். நேரம் எழுதினார். வக்கீல் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். வழக்கு என்ற கட்டத்தில், 'பேப்பர் படிக்க' என்று எழுதினார். ஐந்தாவது கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"இப்ப எழுத முடியாது சார்."

"ஏம்மா?"

"நீங்க எதிர்த்தரப்பு. நோட்டீஸ் உயிரோட இருக்கு. பெரியவர் தரப்புல நான் உள்ள இருக்கேன், உங்களையும் ஒரே நேரத்துல உக்கார வச்சா விதி என்னாகும்? இப்ப நீங்க உள்ள நிக்கறதே தப்பு."

கட்டடக்காரர் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கையை விரித்தார். "விதி இருக்கு சார். ஒரு குடை விஷயத்துல வந்தது." சரி, நோட்டீஸை வாபஸ் வாங்கினேன் என்று கட்டடக்காரர் அங்கேயே சொன்னார். வாயால் சொன்னால் போதாது என்றார் அக்கா. அவசர வக்கீல் அந்த மேசையிலேயே உட்கார்ந்து மூன்று வரியில் வாபஸ் கடிதம் எழுதினார். எழுதியதைப் படித்தும் பார்த்தார். அதை அப்படியே கையில் கொடுத்துவிடலாமா என்று கட்டடக்காரர் கேட்டார்.

"நோட்டீஸ் பதிவுத் தபால்ல வந்தது சார். வாபஸும் அப்படித்தான் வரணும்."

கட்டடக்காரர் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். வக்கீலின் மணி நேரம் முடியும்வரை உள்ளே வரவில்லை.

அக்கா உறையின் ஓரத்தில் முத்திரை அடித்து மதியமே தபாலில் சேர்த்தார். பெரியவருக்குப் போனில் சொன்னார்; வாடகை பலகைகளிலேயே வந்துவிடுவதால் அவரும் இருக்கட்டும் என்றார். வியாழக்கிழமை முழுவதும் கார் மரத்தடியில் நின்றது. வெள்ளிக்கிழமை லிப்ட் ஓடவில்லை. பத்து மணிக்குத் தபால்காரர் மாடியேறி வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு படி தள்ளி, மடித்த பேப்பரோடு கட்டடக்காரர் ஏறி வந்தார்.

"உங்க ரூம்லேர்ந்து உங்க ரூமுக்கு," என்றார் தபால்காரர். "அட்டைய நாளைக்குக் கொண்டுவரேன். நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டேன்."

அக்கா கையெழுத்துப் போட்டு உறையை வாங்கினார். முத்திரை அடித்தார், பத்து மணி மூன்று நிமிஷம். பிரித்தார், மூன்று வரியையும் படித்தார், கோப்பில் வைத்துக் கட்டினார். பிறகு பதிவேட்டின் ஐந்தாவது கட்டத்தில் 'தரப்பு இல்லை' என்று எழுதினார். அதுவரை கட்டடக்காரர் வாசற்படிக்கு வெளியேதான் நின்றார்.

"இப்ப வரலாம் சார்."

கட்டடக்காரர் செருப்பைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். தன் சொந்தக் கட்டடத்தில் அவர் அவ்வளவு தயங்கி நடந்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அறையில் இருந்ததே இரண்டு நாற்காலிகள். ஜன்னல் ஓரத்தில் வெளிச்சமாக இருந்த, கைப்பிடி கிழிந்த நாற்காலியை இழுத்துப் பேப்பரை விரித்தார்.

"அதுல உக்காராதீங்க சார்," என்றார் சீல் அக்கா. "அது என்னோடது."